டிராக்டரில் தண்ணீர் குறைகிறதா?

கடலூர், குடிகாடு பகுதிகளில் டிராக்டர் வைத்திருக்கும் விவசாயிகள் பலர், ரேடியேட்டரில் நீர் குறைந்தால் மேலும் ஊற்றிவிட்டு ஓட்டுகின்றனர். இது தவறு. நீர் போகும் வழியை முதலில் கண்டறிய வேண்டும்.

இரவில் வண்டி நின்ற இடத்தைக் காலையில் பார்க்கவும். தரை ஈரமாக இருந்தால் ஹோஸ், கிளிப், ரேடியேட்டரின் அடிப்பாகம், வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளை ஆகியவற்றில் கசிவு உள்ளதா எனப் பார்க்கவும்.

ஈரம் இல்லையெனில், ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வாஷரைக் கவனிக்கவும். மூடி அழுத்தத்தைக் காப்பதால்தான் நீர் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் கொதிப்பதில்லை. வாஷர் கெட்டால் நீர் கொதித்து வெளியேறிவிடும்.

அளவுக்குச்சியில் ஆயில் மோர்போல் வெளுத்திருந்தாலோ, என்ஜின் சூடேறிய பின்னும் வெண்புகை நிற்காவிட்டாலோ, ரேடியேட்டரில் ஓயாமல் குமிழி வந்தாலோ, நீர் என்ஜினுக்குள் போகிறது என்று பொருள். பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட் பழுதே காரணம். உடனே நிறுத்தி மெக்கானிக்கிடம் காட்டவும். தொடர்ந்து ஓட்டினால் பேரிங்குகள் தேய்ந்து, கேஸ்கெட்டோடு முடியவேண்டிய செலவு என்ஜினையே பிரிக்கும் அளவுக்குப் போய்விடும்.

சூடான என்ஜினில் மூடியைத் திறக்கலாகாது. கொதிநீர் முகத்தில் பீறிடும். கடலோரக் கிணறுகளின் உவர்நீரை ஊற்றினால் குழாய்களில் உப்பு படிந்து துருவேறும். குறிப்பேட்டில் கூறியுள்ள கூலன்ட்டையே நிரப்புவது நலம்.