அலைக்கேற்ற பலகை

வடகிழக்குப் பருவக்காற்று வீசும் நவம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களில், பகாங் மாநிலத்தின் செராத்திங் கடற்கரையில் அலைகள் உயர்ந்தெழும். அலைச்சறுக்கு ஆர்வலர்கள் அப்போது அங்குத் திரள்வர். சிலர் நீண்ட பலகையின்மீது நின்று சறுக்குவர். வேறு சிலர் குட்டையான நுரைப்பலகையின்மீது வயிறு படியப் படுத்துச் சறுக்குவர். இந்தக் குட்டைப் பலகை ‘பாடிபோர்டு’ எனப்படுகிறது.

ஒரே அலையில் ஒருவர் விரைந்து முன்னேறுவார்; இன்னொருவரின் பலகையோ முனை நீருக்குள் புகுந்து அவரைக் கவிழ்த்துவிடும். இதற்குத் திறமை மட்டுமே காரணமன்று. பலகையின் வடிவமைப்பும் ஒரு காரணமாகும்.

ஹவாய்த் தீவு மக்கள் முற்காலத்திலேயே ‘பைப்போ’ எனப்படும் சிறிய மரப்பலகைகளில் படுத்து அலைமீது சறுக்கினர். 1971ஆம் ஆண்டு, ஹவாயில் வாழ்ந்த அமெரிக்கரான டாம் மோரி, பாலிஎத்திலீன் நுரைத்துண்டு ஒன்றை வெட்டி இன்றைய பாடிபோர்டின் முன்னோடியை உருவாக்கினார். அன்று முதல் அதன் ஒவ்வொரு பகுதியும் பலவாறு மாற்றியமைக்கப்பட்டு வருகிறது.

முதலில் கவனிக்க வேண்டியது பலகையின் அளவு. தரையில் நிமிர்த்தி நிறுத்தும்போது, அதன் மேல்முனை ஏறத்தாழத் தொப்புள் உயரத்தில் இருப்பது பொருத்தம். மிகச் சிறிய பலகை உடல் எடையைத் தாங்காமல் அமிழும். நீரின் எதிர்ப்பு கூடுவதால் வேகம் குறையும். மிகப் பெரிய பலகை நன்றாக மிதக்கும். ஆனால், அதைத் திருப்புவது கடினம்.

அடுத்தது, முன்முனையின் வளைவு. தட்டையான பலகை நீர்ப்பரப்பில் வழுக்கிக்கொண்டு விரைந்து செல்லும். எனினும், செங்குத்தான அலையில் இறங்கும்போது அதன் முனை நீருக்குள் குத்திவிடக்கூடும். முனை மேல்நோக்கி வளைந்திருந்தால் இந்த ஆபத்து குறையும். ஆனால், வளைந்த பகுதி நீரை முன்தள்ளுவதால் வேகம் சற்றுக் குறையும்.

பக்க விளிம்பும் வாலும் பலகையின் பிடிமானத்தை முடிவுசெய்கின்றன. விளிம்பு நீருக்குள் எவ்வளவு அதிகமாகப் பதிகிறதோ, அவ்வளவு உறுதியாகப் பலகை அலையைப் பற்றிக்கொள்ளும். குறைவாகப் பதிந்தால் வேகமும் திரும்பும் எளிமையும் கூடும், பிடிமானம் தளரும். அவ்வாறே, பிறை வடிவில் உள்வளைந்த வால் அலையை இறுகப் பற்றும். வௌவால் இறக்கை போன்ற வடிவமுடைய வாலோ, பலகை எளிதில் வழுக்கித் திரும்ப உதவும்.

பலகையின் உள்ளே இருக்கும் நுரைக்கும் பங்கு உண்டு. பாலிஎத்திலீன் மென்மையானது, குளிர்ந்த கடலில் தேவையான விறைப்பைப் பெறும். வெதுவெதுப்பான நீரிலோ அது அளவுக்கு மீறி நெகிழ்ந்துவிடும். பாலிபுரொப்பிலீன் இயல்பிலேயே விறைப்பானது. ஆகவே, மலேசியாவைப் போன்ற வெப்பமண்டலக் கடல்களுக்கு அது ஏற்றது. குளிர்ந்த நீரில் அதுவே மிகவும் விறைத்து, ஓட்டுபவரின் கட்டுப்பாட்டுக்குள் வர மறுக்கும். எந்த நுரையானாலும், வெயிலில் பூட்டிக்கிடக்கும் காருக்குள் பலகையை விட்டுச்செல்வது நல்லதன்று. வெப்பத்தால் நுரை சிதைந்து, மேலுறை உப்பிப் பிரிந்துவிடும்.

ஆக, பலகையின் ஒவ்வோர் அம்சமும் ஒரு நன்மையைத் தந்து மற்றொன்றைக் குறைக்கிறது. வேகம் கூடினால் பிடிமானம் குறையலாம். மிதப்பு கூடினால் திரும்பும் ஆற்றல் குறையலாம். எனவே, விலை உயர்ந்ததே சிறந்தது என்று எண்ணி, தேர்ந்த வீரர் பயன்படுத்தும் பலகையைப் புதிதாகப் பழகுபவர் வாங்குவது பொருத்தமாகாது. தன் உடல் எடை, பயிற்சி நிலை, சறுக்கப்போகும் கடலின் தன்மை ஆகியவற்றை அறிந்து தேர்ந்தெடுப்பவருக்கே பலகை துணைநிற்கும். எல்லா அலைக்கும் எல்லாருக்கும் ஏற்ற பலகை என ஒன்று இல்லை.