போர்டு பார்க்கும் படலம்

வேலை செய்யாத டி.வி. ரிமோட்டை என்றாவது ஒரு நாள் தரையில் ஓங்கிப் போட்டிருப்பீர்கள். போட்டுவிட்டு, அப்பா பார்ப்பதற்குள் அவசரமாகப் பொறுக்கியும் இருப்பீர்கள். அப்போது உள்ளேயிருந்து ஒரு பலகை எட்டிப் பார்த்திருக்குமே, பஸ் ரூட் மேப் மாதிரி கோடு கோடாக... அதுதான் பி.சி.பி. முழுப்பெயர், பிரின்டட் சர்க்யூட் போர்டு.

விஷயம் சிம்பிள். கண்ணாடி இழைத் துணியை எபாக்ஸி பிசினோடு சேர்த்து அழுத்திய பலகை. அதன் மேல் செப்புத் தகடு. வேண்டாத செம்பை ரசாயனத்தில் கரைத்துவிட்டால், மிச்சமிருக்கும் கோடுகள்தான் ஒயர். வியன்னாவில் பிறந்த பால் ஐஸ்லர் என்ற இன்ஜினீயர் 1936 வாக்கில் லண்டனில் உட்கார்ந்துகொண்டு இப்படி ஒரு போர்டைச் செய்து, அதை வைத்து ஒரு ரேடியோவையே பாட வைத்தார். அன்று பிடித்த பிசாசு, இன்று வாஷிங் மெஷினிலிருந்து ராக்கெட் வரை யாரையும் விடவில்லை.

என்னையும் விடவில்லை. நான் படித்தது பி.காம். பிழைப்பது, அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்புசெட் மோட்டாருக்குக் கன்ட்ரோலர் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில், பர்ச்சேஸ் செக்‌ஷனில். கிணற்றில் தண்ணீர் வற்றினால் மோட்டாரைத் தானாக நிறுத்தும் புது மாடல் ஒன்றை எங்கள் டிசைன் இன்ஜினீயர் (வயசு 25, கல்யாணம் ஆகவில்லை, வரன் பார்க்கிறார்கள்) தயார் செய்தார். ஆயிரக்கணக்கில் அடிப்பதற்கு முன், மாதிரிக்குப் பத்து போர்டு வேண்டும். இதைத்தான் புரோட்டோடைப் என்கிறார்கள். யாரிடம் கொடுப்பது?

"இதுல என்னய்யா யோசனை? மூணு கொட்டேஷன் வாங்கு. எது கம்மியோ அங்க போடு" என்றார் மேனேஜர். ஆபீஸ்களில் ஆதிகாலம் தொட்டு இருக்கும் வேதவாக்கு.

வாங்கினேன். ஒன்று, நம்மூர்க் கம்பெனி. இரண்டாவது, சீனாவின் ஷென்ஜென் நகரத்தில். மூன்றாவது, பெங்களூர். ஷென்ஜென்காரர் சொன்ன விலையைப் பார்த்து, புள்ளியை இடம் மாற்றி வைத்துவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம். பத்து போர்டுக்குச் சில டாலர்கள்! கூரியர் சார்ஜ்தான் போர்டைவிடப் பல மடங்கு.

"எப்படிப்பா கட்டுப்படியாகுது?" என்று இன்ஜினீயரைக் கேட்டேன்.

"ஷேர் ஆட்டோ ஸார்" என்றார்.

ஒரே பெரிய பலகையில் பத்து இருபது கஸ்டமர்களின் டிசைன்களை நெருக்கிப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, ஒன்றாகத் தயாரித்து, கடைசியில் வெட்டிப் பிரிக்கிறார்கள். செலவு பங்கு பிரிந்துவிடுகிறது. ஆனால் ஷேர் ஆட்டோவில் உங்கள் வீட்டு வாசல் வரைக்கும் விடச்சொல்ல முடியுமா? எல்லோருக்கும் ஒரே ரூட். பலகை கனம் 1.6 மில்லிமீட்டர், செம்பு 35 மைக்ரான், கலர் பச்சை. இதில் ஏதாவது மாறவேண்டும் என்றால் இறங்கித் தனி ஆட்டோ பிடிக்க வேண்டியதுதான். மீட்டரும் அதற்கேற்ப ஓடும்.

இன்ஜினீயருக்கு ஒரு யோசனை தோன்றியது. மாதிரிதானே, மூன்று பேரிடமும் கொடுத்துப் பார்க்கலாமே! மேனேஜர் முறைத்தார். "பொண்ணு பாக்கவே மூணு வீட்ல பஜ்ஜி சாப்பிடறோம் ஸார். இது வருஷக்கணக்கா கூட வரப்போற சம்பந்தம்" என்றார் பையன். சொந்த அனுபவம் பேசியது. மேனேஜர் கையெழுத்துப் போட்டார்.

மூவருக்கும் ஒரே ஃபைல்கள் போயின. இந்தத் தொழிலில் அவற்றுக்குக் கெர்பர் ஃபைல் என்று பெயர். கூடவே ஒரு குறிப்பு: 'போர்டின் நடுவே காட்டியிருக்கும் பிளவைக் கட்டாயம் வெட்டவும்.'

இந்தப் பிளவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் போர்டில் ஒரு பாதி 230 வோல்ட், இன்னொரு பாதி ஐந்து வோல்ட். ஐந்து வோல்ட் பக்கம்தான் விவசாயி விரல் வைக்கும் பட்டன்கள். போர்டின் மேல் தூசியும் ஈரமும் படிந்தால், மின்சாரம் அதன் மேலேயே பூரான் மாதிரி மெள்ள ஊர ஆரம்பிக்கும். நடுவில் ஒரு பிளவை வெட்டிவிட்டால், ஊர்ந்து வருவதற்கு வழியில்லாமல் சுற்றிக்கொண்டு போகவேண்டும். நம்மூர் மோட்டார் ரூம்களின் லட்சணம் தெரியுமல்லவா? ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் எறும்பு, பல்லி எல்லாம் குடும்பம் நடத்தும். ஐப்பசி மழையில் நனைந்த கையோடு வந்து பட்டனை அமுக்குகிற மனிதருக்கும் 230 வோல்ட்டுக்கும் நடுவே அந்தப் பிளவு ஒரு முக்கியமான காவல்காரன்.

முதலில் வந்தது நம்மூர்ச் சரக்கு. ஐந்தே நாள். கண்ணாடி மாதிரி பளபளப்பு. பிளவு மட்டும் இல்லை! போன் செய்தேன்.

"பிளவா? எங்க ஸார் இருக்கு?"

"நோட்ல எழுதியிருந்தோமே..."

"நோட்டெல்லாம் யார் ஸார் படிக்கிறாங்க!" என்று சிரித்தார். நல்ல மனுஷர்தான்.

ஷென்ஜெனிலிருந்து மறுநாளே ஒரு ஈமெயில் வந்திருந்தது. படம் போட்டு, சிவப்பு அம்புக்குறி போட்டு, 'இந்த இடத்தை வெட்டவேண்டும் என்றுதானே அர்த்தம்? பதில் வரும்வரை வேலையை நிறுத்தி வைத்திருக்கிறோம்.' பதில் போட்டோம். சரியாக வெட்டி அனுப்பினார்கள்.

பெங்களூர்க்காரர் ஒரு படி மேலே. நான் டிபன் பாக்ஸைத் திறக்கும் நேரம் பார்த்துப் போன். "ஒரு சின்ன டவுட் ஸார். பிளவு ஓகே. ரிலேகிட்ட போற கோட்டுல எத்தனை ஆம்பியர் போகும்?"

இன்ஜினீயரிடம் கொடுத்தேன். "எட்டு" என்றார்.

"35 மைக்ரான் செம்புக்கு இந்த அகலம் பத்தாதே, சூடாகுமே. 70 மைக்ரான் போடலாமா? விலை கொஞ்சம் ஏறும்."

பையன் கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தார். தலையை ஆட்டினார். எனக்குச் சாம்பார் சாதம் ஆறிப்போனது. பரவாயில்லை.

இதில் வயிற்றைக் கலக்கும் விஷயம் ஒன்று உண்டு. பிளவு இல்லாத அந்தப் பளபளப்பான போர்டையும் ஆபீஸ் மேஜையில் வைத்துச் சோதித்தோம். அருமையாக வேலை செய்தது! நுண்ணிய ஊசிகளால் போர்டைத் தொட்டுப் பார்க்கும் மின்சோதனையிலும் பாஸ்தான். அந்தச் சோதனை, கோடுகள் சேரவேண்டிய இடத்தில் சேர்ந்திருக்கின்றனவா என்றுதான் பார்க்கும். பிளவு எங்கே என்று கேட்காது. கேட்க வேண்டியவர் மனுஷர். அவர் கேட்காவிட்டால், அடுத்துக் கேட்பது அடைமழை.

மேனேஜர் அந்தப் போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. அவருடைய அண்ணன் இன்னும் ஊரில் விவசாயம்தான் செய்கிறார். பிறகு அதிக விலை சொன்ன பெங்களூர்க்காரருக்கே ஆர்டர் போடச் சொன்னார். சாதாரண ஐந்து வோல்ட் போர்டுகளுக்கு மட்டும் ஷென்ஜென்.

நீங்களும் சொந்தமாக ஏதாவது கருவி செய்யலாம் என்று கனவு கண்டுகொண்டிருந்தால், பி.காம். அறிவுக்கு எட்டிய சில பொருத்தங்களைச் சொல்கிறேன்.

ஜாதகப் பொருத்தம்: எவ்வளவு மெல்லிய கோடு, எவ்வளவு சின்ன ஓட்டை போட முடியும் என்று அவர்களே பட்டியல் தருவார்கள். கோடு 0.15 மில்லிமீட்டர், ஓட்டை 0.3 மில்லிமீட்டர் என்றால் பெரும்பாலான இடங்களில் சிரமமில்லை. அந்தப் பட்டியலின் கடைசி எல்லை வரை போய் டிசைன் செய்யாதீர்கள். மாதிரி செய்கிறவருக்கு முடிந்தது, நாளை லட்சக்கணக்கில் செய்கிறவருக்குக் கட்டுப்படியாகாமல் போகலாம்.

நாள் பொருத்தம்: 'ஐந்து நாள்' என்றால் எந்த நாளிலிருந்து என்று கேளுங்கள். பணம் கட்டிய நாளா, சந்தேகங்கள் தீர்ந்த நாளா? சீனப் புத்தாண்டு ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும். ஒரு வாரத்துக்கு மேல் ஃபாக்டரிகளில் ஈ, காக்கை இருக்காது. 2020-ல் அந்த லீவு விட்டபோதுதான் கொரோனாவும் வந்து சேர்ந்தது. லீவு நீண்டுகொண்டே போனது.

குடும்பப் பொருத்தம்: சொந்த ஃபாக்டரியா, இல்லை வாங்கி விற்கிற புரோக்கரா? புரோக்கர் தப்பானவர் இல்லை. ஆனால் இந்த மாதம் ஒரு ஃபாக்டரி, அடுத்த மாதம் வேறு என்று மாற்றினால், போன தடவை உங்கள் டவுட்டைத் தீர்த்த ஆள் இந்தத் தடவை இருக்கமாட்டார்.

ரகசியப் பொருத்தம்: கெர்பர் ஃபைல் கையில் இருந்தால் உங்கள் போர்டை யார் வேண்டுமானாலும் அச்சு அசலாக அடிக்கலாம். புது ஐடியா என்றால், ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிட்டு அனுப்புங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பொருத்தம் இருக்கிறது. எங்கள் ஆபீஸில் கொட்டேஷன்களை ஒப்பிட ஒரு தாள் உண்டு. விலை, வரி, டெலிவரி என்று மூன்று கட்டங்கள். இப்போது மேனேஜர் தன் கையாலேயே ஸ்கேல் வைத்து நாலாவதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறார். தலைப்பு: 'கேட்ட கேள்விகள்.'

சைபர் வாங்கியவர், எவ்வளவு குறைத்துச் சொன்னாலும், ஃபைல் அதோடு மூடப்படும்.