சிவன் பெயர் கொண்ட ராட்சதப் பன்றி

கேள்வி: ‘‘ஒரே ராத்திரியில் எங்கள் மல்லாட்டைக் கொல்லையைக் காட்டுப்பன்றிகள் கிளறிப் போட்டுவிட்டன. ‘அந்தக் காலத்துப் பன்றி இதைவிடப் பெருசு’ என்பார் என் தாத்தா. அது நிஜமா?’’
- வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்.

தாத்தா சொன்னதில் உண்மை உண்டு. ஆனால், அது அவர் காலத்துக் கதையல்ல. சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையது.

அடிமுடி தேடிய கதை உங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திருமால் பன்றி வடிவெடுத்து, அண்ணாமலையார் அடியைக் காண மண்ணைத் தோண்டினார் என்பார்கள். வடக்கே இமயமலை அடிவாரத்தில் சிவாலிக் குன்றுகள் இருக்கின்றன. அந்த மண்ணைத் தோண்டியபோது கிடைத்தது நிஜமான ராட்சதப் பன்றியின் எலும்பு!

1830-களில் அங்கே எலும்புகளைச் சேகரித்தவர்களில் இருவர் முக்கியமானவர்கள். ஒருவர் மருத்துவர் ஹியூ ஃபால்கனர். மற்றவர் பிராபி காட்லி. பின்னாளில், 1854-ல் திறக்கப்பட்ட கங்கைக் கால்வாயை வெட்டிய பொறியாளர். 1926-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் கை பில்கிரிம், இந்தப் பன்றி இனத்துக்கு ‘சிவகோயரஸ்’ என்று பெயர் வைத்தார். ‘கோயரஸ்’ என்றால் கிரேக்க மொழியில் பன்றி.

இன்றைய காட்டுப்பன்றியைவிட இது பெரியது. முன்கடைவாய்ப் பற்கள் மிகத் தடிமனானவை. ஆனால், நம் காட்டுப்பன்றிக்கு இது நேர் பாட்டன் அல்ல, பங்காளி முறை. இந்தக் கிளை வாரிசில்லாமல் அழிந்துவிட்டது.

உருவத்தில் சிறிய பங்காளி பிழைத்துக்கொண்டது. கிழங்கு, புழு, கடலை என எதையும் தின்னும். நான்கு மாதச் சினையில் ஒரே ஈற்றில் நாலைந்து குட்டி போடும்.

அதற்காக வேலியில் மின்சாரம் பாய்ச்சிவிடாதீர்கள். அது குற்றம், தண்ணீர் பாய்ச்சப்போகும் பக்கத்து நிலத்துக்காரரின் உயிரையே எடுத்துவிடும். 2025 ஜனவரியில் அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ வரை பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கி.மீ வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கு அப்பால் சுடலாம், அதுவும் வனத்துறையினர் மட்டுமே.

சேதத்தைப் போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் உடனே மனு கொடுங்கள். அடுத்த பட்டத்தில் கொல்லையைச் சுற்றி ஆமணக்கை நெருக்கமாக விதைத்துப் பாருங்கள். அக்கம்பக்கத்தார் சேர்ந்து முறைவைத்து இரவுக் காவல் இருந்தால், இன்னும் நல்லது.