விம்கோ நகரிலிருந்து பரங்கிமலைக்கு: ஒரு நாள் சுற்றும் மூன்று சாட்சிகளும்

விம்கோ நகரில் மலை கிடையாது. கடல் இருக்கு, தண்டவாளம் இருக்கு, வரிசை கட்டி நிற்கிற கண்டெய்னர் லாரிகள் இருக்கு. ஊர் பேரே ஒரு தீப்பெட்டிக் கம்பெனியின் சுருக்கப் பெயர்தான்: வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி. 1923-இல் ஸ்வீடன்காரர்கள் தொடங்கிய நிறுவனம். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் நம்ம பக்கம் முழுக்க மணலும் களிமண்ணும்தான், தரையில் தானாக நிற்கிற ஒரு பாறையைக்கூடக் காட்ட முடியாது.

ஆனா 2021 பிப்ரவரி 14-இல் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்டதுக்கப்புறம் ஒரு வசதி வந்திருக்கு. அந்தப் பாதை ஏறக்குறைய 9 கி.மீ.தான். ஆனா அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த நீல வழித்தடத்தோடு சேர்ந்ததால், சென்னையின் வடக்கு மூலையில் ஏறி, சின்னமலையில் இறங்கலாம். ஆலந்தூரில் ஒரு தடவை மாறினால் அடுத்த நிலையம் பரங்கிமலை. நூறு மீட்டருக்கும் குறைவான உயரம், சுமார் 300 அடி. ஊட்டியைப் பார்த்தவர்கள் சிரிப்பார்கள். இருந்தாலும் தட்டையான ஊரில் வாழ்கிறவனுக்கு அது மலைதான்.

கடந்த சில வருஷமா எங்க தெருக்காரங்களையும் ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரங்களையும் இந்தச் சுற்றுக்குக் கூட்டிட்டுப் போறேன். ரெண்டு மலை, நாலைந்து பழைய தேவாலயங்கள், ஒரு நாள். வரலாறு நிறைய இருக்கிற இடத்துக்கு ஆள்களைக் கூட்டிட்டுப் போகிறவன் எப்படிப் பேசணும் என்று நான் எனக்கே வகுத்துக்கொண்ட ஒரு முறை இருக்கு. அதைத்தான் இங்கே விளக்கப் போறேன். வழியும் நடுநடுவே வரும்.

முறை இதுதான். நான் சொல்கிற ஒவ்வொரு விஷயத்துக்கும் முன்னாடி அது எந்தச் சாட்சி என்று சொல்லிடுவேன். கல் சொல்வது, ஏடு சொல்வது, ஊர் சொல்வது. கல் என்றால் நேரில் கண்ணால் பார்க்க முடிகிற பொருள்: பாறை, சிலுவை, கல்வெட்டு, கட்டடம். ஏடு என்றால் அந்தந்தக் காலத்தில் யாரோ எழுதி வைத்தது. ஊர் என்றால் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருவது. மூன்றில் எதுவும் மட்டமில்லை. ஆனா ஒன்றை இன்னொன்றின் குரலில் பேச வைக்கக் கூடாது.

பரங்கிமலை: முதலில் பாறையைப் பாருங்க

காலை 6 மணிக்குள் விம்கோ நகரில் ஏறிட்டா வெயில் ஏறுவதற்குள் மலையடிவாரம் போயிடலாம். படியேறும் முன்னாடி பாறையைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். கருநீலமும் சாம்பலும் கலந்த, எண்ணெய் பூசின மாதிரி மினுங்குகிற கல். இதற்கு அறிவியல் பெயர் சார்னோகைட். சுமார் 250 கோடி ஆண்டு வயசு. பூமிக்குள்ளே பல கிலோமீட்டர் ஆழத்தில், பெரும் வெப்பத்தில் உருவாகி, மேலே இருந்ததெல்லாம் அரித்துப் போன பிறகு வெளியே தெரிகிறது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறை இந்த இடத்தைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது.

பெயர் வந்த கதையில் ஒரு தேவாலயம் உண்டு. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் குடியேற்றத்தைத் தொடங்கிய ஜாப் சார்னோக்கின் கல்லறை அங்கே செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் இருக்கு. அந்தக் கல்லறைக் கல்லும் சென்னைப் பக்கத்துப் பாறையும் ஒரே வகை என்று கண்ட தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர், 1893-இல் சார்னோக் பெயரையே அந்தப் பாறைக்கு வைத்தார். கங்கைச் சமவெளியில் கல் ஏது? இங்கிருந்துதான் போயிருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு.

இந்த இடத்தில் நம்ம ஊரையும் நினைவுபடுத்துவேன். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டினார்கள். இந்தக் கரையில் மணல் வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அதை மறித்தது. தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரமும் திருவொற்றியூரும் கரையை இழந்தன. அதைத் தடுக்கத்தான் எண்ணூர் சாலை ஓரமாகப் பாறாங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். மணல் பூமியில் கிடக்கிற அந்தக் கல் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கல்குவாரியிலிருந்து லாரியில் வந்தது. பரங்கிமலைக்குத் தெற்கே பல்லாவரம், திரிசூலம் குன்றுகளில் வெட்டிய பள்ளங்கள் இன்னும் தண்ணீர் தேங்கிக் கிடக்கின்றன. நாம அழகா இருக்குன்னு பார்க்கப் போகிற மலை, வேறொருத்தருக்கு ஜல்லி.

படிகள், சிலுவை, சங்கிலி

மலைக்குப் போகும் நூற்றுக்கு மேற்பட்ட படிகளை 1726-இல் கட்டித் தந்தவர் பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். அதே ஆண்டில் அடையாற்றின் மேல் சைதாப்பேட்டையில் மர்மலாங் பாலத்தையும் தன் செலவில் எழுப்பினார். இப்போது அங்கே இருப்பது மறைமலை அடிகள் பாலம். பக்தர்கள் ஆற்றைத் தாண்டி மலை ஏறணும், அதற்கு ரெண்டும் வேணும் என்று யோசித்திருக்கிறார். மழைக்காலத்தில் ஆறு தாண்டுகிற கஷ்டம் தெரிந்த மனுஷன்.

மேலே மாதா தேவாலயத்தின் பீடத்தில் பதித்திருக்கிற கல் சிலுவைதான் இந்தச் சுற்றின் உச்சம். 1547-இல் போர்த்துகீசியர்கள் அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்தது. ஊர் சொல்வது: இது புனித தோமையர் தன் கையால் செதுக்கிய சிலுவை, இதன் முன்னால்தான் அவர் ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தார், 1558 டிசம்பர் 18-இல் திருப்பலி நடக்கும்போது சிலுவையில் ரத்தம் கசிந்தது.

கல் சொல்வது: சிலுவையைச் சுற்றி ஒரு வாசகம் ஓடுகிறது. எழுத்து தமிழும் இல்லை, லத்தீனும் இல்லை, பஹ்லவி. அதாவது பழைய பாரசீக எழுத்து. இதே வாசகமுள்ள சிலுவைகள் கேரளத்தில் கோட்டயம் வலியபள்ளியிலும் உண்டு. எழுத்தமைதியைப் பார்த்து, போர்த்துகீசியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். முதல் நூற்றாண்டுக்கு அது போகாது.

போன தடவை எங்க குழுவில் பதினோரு பேர். பக்கத்து வீட்டுப் பெரியம்மா முட்டி போட்டு ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். காலேஜ் படிக்கிற தம்பி ஒருத்தன் என் காதில், "அண்ணா, அப்ப இது டூப்பா?" என்றான். வெளியே கூட்டிட்டு வந்து சொன்னேன்: "ஊர் சொல்றதைக் கல் உறுதிப்படுத்தலை. ஆனா கல் இன்னொண்ணு சொல்லுது பாரு. வாஸ்கோ ட காமாவுக்குப் பல நூறு வருஷம் முன்னாடியே பாரசீகத்தோட தொடர்புள்ள கிறிஸ்தவங்க இந்தக் கரையில இருந்திருக்காங்க. வெள்ளைக்காரன் வந்துதான் இதெல்லாம் ஆரம்பிச்சதுன்னு நாம நினைக்கிறோமே, அதைக் கல்லே மறுக்குது." பெரியம்மா எழுந்து வந்து, "நீ என்ன வேணா சொல்லுப்பா, எனக்கு மனசு லேசாயிடுச்சு" என்றார். அவர் கல்லைப் பற்றி எதுவும் கோரவில்லை. அதைத் திருத்த எனக்கு வேலையும் இல்லை.

மலையுச்சியில் இன்னொரு சிலை இருக்கும், பெரும்பாலோர் கவனிக்க மாட்டார்கள். வில்லியம் லாம்டன். 1802 ஏப்ரல் 10-இல் இந்த மலையின் அடிவாரத்திலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று நோக்கி ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்க்கோட்டை நூறடி எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். சூட்டில் எஃகு நீளும், அதனால் வெப்பமானி வைத்து ஒவ்வொரு தடவையும் கணக்கைத் திருத்தினார்கள். ஒரு பக்கத்தின் நீளம் சரியாகத் தெரிந்தால், மற்றதைக் கோணங்களை வைத்தே முக்கோணம் முக்கோணமாகக் கணக்குப் போட்டுக்கொண்டு போகலாம். அப்படிப் போன கணக்குதான் இமயம் வரை சென்று, பிறகு எவரெஸ்டின் உயரத்தையும் சொன்னது. உலகத்திலேயே உயரமான மலையை அளந்த வேலை தொடங்கியது இந்த 300 அடிக் குன்றின் காலடியில்.

நின்று பாருங்க. கீழே விமான நிலைய ஓடுபாதை, தெற்கே பல்லாவரம் குன்றுகள், கிழக்கே வீடுகளுக்கு அப்பால் கடல் ஒரு கோடாக.

சின்னமலை, ஆர்மீனியன் தெரு, சாந்தோம்

இறங்கி, மெட்ரோவில் சின்னமலை. இங்கே ஒரு சின்னக் குகை, தோமையர் ஒளிந்திருந்ததாக ஊர் சொல்வது. ஒட்டினாற்போல் 1551-இல் போர்த்துகீசியர் கட்டிய பழைய தேவாலயம். குகைக்குள் குனிந்துதான் போகணும், முட்டிவலிக்காரர்கள் வெளியிலேயே இருக்கலாம்.

பிறகு அதே ரயிலில் மண்ணடி. ஆர்மீனியன் தெரு தேவாலயத்துக்குப் பகல் சாயும் முன்னாடி போயிடணும், அப்புறம் கதவு சாத்திடுவாங்க. இப்போதைய கட்டடம் 1772-ஐச் சேர்ந்தது. உலகத்தின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகையான 'அஸ்தரார்' 1794-இல் வெளிவந்தது சென்னையில்தான். அதை நடத்திய ஹாருத்யுன் ஷ்மாவோனியன் என்ற பாதிரியார் இந்த வளாகத்தில்தான் அடக்கம். காலையில் உஸ்கான் கட்டிய படியில் ஏறினவர்களுக்கு மதியம் அவர் சமூகத்தின் முற்றத்தில் உட்காரும்போது ஒரு நெருக்கம் வரும்.

சாப்பாட்டுக்குப் பிறகு பஸ்ஸில் சாந்தோம். இப்போது நிற்கிற வெள்ளைக் கோபுரக் கட்டடம் 1896-இல் முடிந்தது. கல்லறையைப் பற்றி ஏடு நிறையவே சொல்கிறது. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சிரியாக் மொழி நூலான 'தோமாவின் நடபடிகள்' அவரை இந்தியாவுக்கு அனுப்புகிறது. ஆனால் அதில் வரும் கோண்டோபாரஸ் என்ற அரசரின் நாணயங்கள் கிடைப்பது வடமேற்கே. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ, இந்தக் கரையில் ஒரு சிற்றூரில் தோமையரின் கல்லறை இருப்பதாகவும், கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் அங்கே வருவதாகவும், அந்த மண்ணைக் காய்ச்சலுக்கு மருந்தாக எடுத்துப் போவதாகவும் எழுதினார். எலும்புகள் தங்களிடம் இருப்பதாக இத்தாலியில் ஓர்தோனா நகரமும் சொல்கிறது.

இங்கே மறைக்கக் கூடாத ஒன்று உண்டு. சாந்தோம் வளாகத்தில் பழைய தமிழ்க் கல்வெட்டுத் துண்டுகளும் கோயில் கற்களும் கிடைத்திருக்கின்றன. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் முன்பு கடற்கரையில் இருந்தது, போர்த்துகீசியர் காலத்தில் அழிந்தது என்று ஊர் சொல்கிறது. கற்கள் உண்மை. எந்தக் கோயில், எப்போது, யாரால் என்பதில் எல்லோரும் ஒத்துப்போகவில்லை. சில வழிகாட்டிகள் இதைச் சொல்லவே மாட்டார்கள், சிலர் இதை மட்டுமே சொல்வார்கள். ரெண்டு பேருமே கூட வந்தவர்களைத் தங்கள் கட்சிக்கு ஆள் சேர்க்கிறார்கள். என் குழுவில் ரெண்டு மதத்துக்காரர்களும் இருப்பார்கள், சாயங்காலம் ஒரே தெருவுக்குத்தான் திரும்பணும். அதனால்தான் எனக்கு இந்த மூன்று சாட்சி முறை வெறும் வரலாற்றுப் பொழுதுபோக்கு இல்லை. எது கல், எது ஏடு, எது ஊர் என்று முன்கூட்டியே பிரித்துச் சொல்லிவிட்டால், யாரும் தன் நம்பிக்கைக்காக அடுத்தவரோடு சண்டை போட வேண்டிய தேவை குறைகிறது. கேள்வி கேட்கவும் பயமில்லை.

நேரமிருந்தா, திரும்பும் வழியில் ராயபுரத்தில் இறங்குங்க. ராயப்பர் என்பது பேதுருவின் தமிழ்ப் பெயர். படகுக்காரச் சமூகம் எழுப்பிய அந்தத் தேவாலயத்திலிருந்துதான் ஊருக்குப் பேர் வந்ததாகச் சொல்வார்கள். பெரிய அரசரும் இல்லை, பயணியும் இல்லை, நம்ம கடலில் படகு தள்ளினவங்க.

எடுத்துட்டுப் போக வேண்டியது: தண்ணீர், தொப்பி, கழற்றி மாட்ட வசதியான செருப்பு. தேவாலயங்களில் பூசை நடந்தால் வெளியே காத்திருங்க, படம் எடுக்கும் முன்னாடி கேளுங்க. வயசானவங்க இருந்தா பரங்கிமலைக்கு வண்டி போகிற சாலையும் உண்டு, படியில்தான் ஏறணும்னு இல்லை. ஞாயிறு காலையைத் தவிர்த்தால் கூட்டம் குறைவு.