ஆண்டிறுதி மழையில் வீட்டுத் தோட்டம்: செந்தூல் பிளாட்டில் எது வளரும், எது அழுகும்?

அக்டோபர் வந்துவிட்டாலே நம் ஃபோனில் ஒரே மாதிரி வீடியோக்கள் வர ஆரம்பித்துவிடும். கனடாவிலோ இங்கிலாந்திலோ யாரோ ஒருவர் முட்டைக்கோசு நாற்றுகளைப் பனியிலிருந்து காப்பாற்றத் துணி போட்டு மூடிக்கொண்டிருப்பார். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். அந்த ஆசையில் கேல், பட்டாணி, புரோக்கோலி விதைகளை ஆன்லைனில் ஆர்டர் செய்பவர்களும் நம்மில் உண்டு. (வெளிநாட்டிலிருந்து விதை வரவழைக்க இறக்குமதி பெர்மிட் வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.) செந்தூல் பிளாட்டின் பால்கனியில் அந்த விதை முளைக்கும், இலையும் விடும். ஆனால் நாம் எதிர்பார்க்கும் பூ கட்டுவது அபூர்வம். அதற்கு இரவில் குளிர் வேண்டும். கேமரன் மலையில் இருக்கும் அந்தக் குளிர் கோலாலம்பூரில் இல்லை.

இதே மாதங்களில்தான் சந்தையில் கீரைக்கும் மிளகாய்க்கும் விலை ஏறுகிறது. தொடர்மழையில் பயிர் அழுகி, வரத்து குறைவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். சௌகிட் சந்தையில் விலையைக் கேட்டுவிட்டு, "பேசாம வீட்டிலேயே நட்டுடலாம்" என்று முடிவெடுப்போம். பிரச்சனை என்னவென்றால், விவசாயியின் பயிரைக் கெடுத்த மழை நம் தொட்டியிலும்தான் பெய்யும். நடவேண்டும் என்ற எண்ணம் நமக்கு வருவது, நடுவதற்கே கடினமான மாதத்தில்!

இந்த எண்ணம் ஒன்றும் புதிதல்ல. எண்ணெய் விலை உயர்ந்து உணவு விலையும் ஏறியிருந்த 1974இல், பிரதமர் துன் அப்துல் ரசாக் 'பூக்கு ஹிஜாவ்' எனும் பசுமைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கினார். வீட்டைச் சுற்றியிருக்கும் காலி இடத்தில் காய்கறி நடுங்கள் என்பது அதன் சாரம். உங்கள் தாத்தா பாட்டியைக் கேட்டால் ஞாபகம் வைத்திருக்கக்கூடும். அப்போது பலருக்கு வீட்டைச் சுற்றி மண் இருந்தது. இன்று நம்மில் பலருக்கு இருப்பது ஒரு பால்கனி, இல்லையென்றால் வீட்டுக்கு முன்னால் ஒரு நடைபாதை.

நம்ம ஊர் 'விண்டர்' எப்படி இருக்கும்?

கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 3 டிகிரி வடக்கே இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே சுமார் 20 நிமிடம்தான் வித்தியாசம். மாறுவது மழை. நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீடிக்கும் வடகிழக்குப் பருவமழை, கிளந்தானையும் திரெங்கானுவையும் நேரடியாகத் தாக்கும். நமக்கும் அதற்கும் நடுவில் தீத்திவாங்சா மலைத்தொடர் நிற்கிறது. அதனால் கிள்ளான் பள்ளத்தாக்கில் கனமழை பெரும்பாலும் பருவ மாற்றக் காலங்களில், அதாவது ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் மாதங்களில், பிற்பகல் இடியோடு கொட்டும். மலை எப்போதும் காப்பாற்றும் என்றும் சொல்ல முடியாது. 2021 டிசம்பரில் ஷா ஆலம், கிள்ளான் பகுதிகளை மூழ்கடித்த வெள்ளம் நமக்கு மறந்திருக்காது. பொதுவாக ஜனவரி பிற்பாதியிலும் பிப்ரவரியிலும் மழை சற்று ஓயும்.

'ஆடிப் பட்டம் தேடி விதை' என்பது தமிழ்நாட்டின் மழைக்கணக்கு. இங்கே ஆடி மாதம் ஆண்டிலேயே மழை குறைந்த காலங்களில் ஒன்று. எனவே பழமொழியை அப்படியே பின்பற்றினால் தண்ணி ஊத்தியே கை வலிக்கும்.

வீடியோக்கள் அதிகம் சொல்லாத இன்னொரு விஷயம், வெயில் வரும் திசை. நமக்கும் ஒருவிதத்தில் 'விண்டர்' உண்டென்றால் அது இதுதான். செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை சூரியன் தெற்குப் பக்கமாகச் சாய்ந்து போகும். மே, ஜூன், ஜூலையில் வடக்குப் பக்கம். ஜூனில் வெயில் நன்றாக விழுந்த வடக்குப் பார்த்த பால்கனியில் டிசம்பரில் நேர்வெயில் கிடைக்காமல் போகலாம். "உரம் போட்டும் செடி ஏன் வளரல?" என்று குழம்புவதற்கு முன், ஒருநாள் காலையிலிருந்து மாலை வரை எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்று பாருங்கள். காய் காய்க்கும் செடிகளுக்கு 6 மணி நேரமாவது வேண்டும். கீரைக்கு அதில் பாதி இருந்தாலும் ஓரளவு சமாளிக்கலாம்.

மழை செடியை எப்படிக் கொல்கிறது?

மழைதான் பெய்யுதே, செடிக்கு நல்லதுதானே என்றுதான் தோன்றும். வேருக்குத் தண்ணீரைப் போலவே காற்றும் தேவை. மண்ணில் உள்ள சின்னச் சின்ன இடைவெளிகளில் தண்ணீர் நிரம்பி நின்றால் வேர் மூச்சுமுட்டும், பிறகு அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாததால், ஈர மண்ணில் நிற்கும் செடியே வாடித் தொங்கும். நாம் என்ன செய்வோம்? பாவம் என்று இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவோம். அதோடு முடிந்தது கதை.

செய்ய வேண்டியது எளிது. தொட்டியிலோ பொலிஸ்டைரீன் பெட்டியிலோ அடியில் மட்டுமின்றிப் பக்கவாட்டில் கீழ்ப்பகுதியிலும் துளை போடுங்கள். இரண்டு மரக்கட்டை அல்லது செங்கல் மேல் தூக்கி வையுங்கள். தோட்டத்து மண்ணை மட்டும் நிரப்பினால் மழையில் களிமண்ணாக இறுகிவிடும், எனவே தேங்காய் நாரும் மக்கிய உரமும் தாராளமாகக் கலக்க வேண்டும். ஊற்றிய தண்ணீர் ஒரு நிமிடத்துக்குள் கீழே வடிய ஆரம்பித்தால் சரி.

இரண்டாவது சேதம் மெதுவாகத் தெரியும். இலைக்குப் பச்சை தரும் நைட்ரஜன் சத்து தண்ணீரில் எளிதில் கரையும். ஒவ்வொரு கனமழையும் அதில் கொஞ்சத்தைக் கழுவிக்கொண்டு போகும். அடி இலைகள் முதலில் வெளிறி மஞ்சளானால் இதைச் சந்தேகிக்கலாம். மாதம் ஒருமுறை கைநிறைய உரம் போட்டால் பாதி சாக்கடைக்குத்தான் போகும். வாரம் ஒருமுறை கொஞ்சமாகப் போடுவது மேல். அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றுவதில் தப்பில்லை, ஆனால் அதை உரம் என்று நம்பி இருந்துவிடக் கூடாது.

மூன்றாவது, மண்துளி. மழை வேகமாக விழும்போது மண் தெறித்து அடி இலைகளில் ஒட்டும். அதோடு பூஞ்சை வித்துகளும் ஏறும். மண்மேல் காய்ந்த இலையோ தேங்காய் நாரோ பரப்பி வைத்தால் தெறிப்பது குறையும். மேலே தெளிவான பிளாஸ்டிக் கூரை இருந்தால் இன்னும் நல்லது.

எதை நடலாம்?

மழைக்காலத்தின் முதல் ஹீரோ கங்கோங். சந்தையில் வாங்கும் கட்டில் வேரோடு இருந்தால் இலையைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, கீழ்த்தண்டை ஒரு சாண் விட்டு நடுங்கள். விதை போட்டால் 25 முதல் 30 நாளில் அறுக்கலாம். தண்ணீர் அதிகமானதற்காக அது கோபித்துக்கொள்ளாது. இலைக்கு அடியில் வெள்ளைக் கொப்புளம் வந்தால் அந்த இலைகளை உடனே கிள்ளி எறிய வேண்டும். அது வெண்துரு நோய், மழையில் வேகமாகப் பரவும்.

சர்க்கரைவள்ளிக் கிழங்கின் கொடி, அதாவது பூச்சோக் கெலேடெக், என் பார்வையில் இன்னும் சோம்பேறிகளுக்கு ஏற்றது. ஒரு துண்டை மண்ணில் செருகினால் போதும். வல்லாரை, பொன்னாங்கண்ணி, பசலை மூன்றுக்கும் ஈரம் பிடிக்கும். பாயாம் என்று நாம் வாங்கும் தண்டுக்கீரையின் விதை கடுகைவிடச் சின்னது, ஒரே மழையில் அடித்துப் போய்விடும். அதைக் கூரைக்கு அடியில் விதையுங்கள்.

வெயில் போதுமான அளவு இருந்தால் வெண்டியும் பயத்தங்காயும் நல்ல தேர்வு. இரண்டுமே 45 முதல் 50 நாளில் காய்க்கத் தொடங்கும். நவம்பர் கடைசியில் விதை ஊன்றினால் பொங்கல் சாம்பாருக்கு வெண்டிக்காய் வீட்டிலிருந்தே வரும்.

மிளகாய்க்குத்தான் கணக்குப் போட வேண்டும். மழையில் பழுக்கும் மிளகாயில் கருகிய வட்டக் குழிகள் விழும், ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சை நோய் அது. விதையிலிருந்து பழம் வரை மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். அக்டோபர் நடுவில் கூரைக்குக் கீழே நாற்று விட்டால், காய் பழுக்கும்போது மழை ஓயும் ஜனவரி கடைசி வந்திருக்கும். டிசம்பரில் காய்க்கட்டும் என்று ஆகஸ்டிலேயே நடுவதில் லாபமில்லை. தக்காளியை இந்த மாதங்களில் விட்டுவிடலாம்.

செலவு மிச்சமாகுமா என்று கேட்டால், ஒரு பால்கனியால் வீட்டுக் காய்கறிச் செலவு பெரிதாகக் குறையாது. கறிவேப்பிலை, மிளகாய், வாரம் ஒரு கீரைக் கறி, அவ்வளவுதான். விலை ஏறும்போது நாம் முதலில் வாங்காமல் விடுவதும் அதே கீரையைத்தான்.

கொசுவும் உயரமும்

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுதான் மழைக்காலத்தில் பெரிய ஆபத்து. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர 7 முதல் 10 நாள் போதும். வாரம் ஒருமுறை கொட்டினால் மட்டும் போதாது, தட்டின் ஓரத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். காய்ந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். இந்தக் காலத்தில் தட்டையே எடுத்துவிடுங்கள் என்பதுதான் என் யோசனை. சோதனையில் லார்வா கிடைத்தால், 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டத்தின்கீழ் 500 ரிங்கிட் வரை கம்பவுண்ட் வரலாம். டிங்கி வந்தால் ஆகும் இழப்பு அதைவிடப் பெரிது. அதுவும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வந்தால்?

மாடி வீட்டில் இருப்பவர்கள் தொட்டியைத் தடுப்புச்சுவர் மேல் வைக்கவே கூடாது. ஈர மண் நிறைந்த தொட்டி கனமானது, புயல்காற்றில் சாயும். 2018 ஜனவரியில் பந்தாய் டாலாம் அடுக்குமாடியில் மேலிருந்து விழுந்த ஒரு நாற்காலி 15 வயது மாணவரின் உயிரைப் பறித்தது. தொட்டிகள் தரையில், சுவருக்கு உள்பக்கம் இருக்கட்டும். நடைபாதையில் வைப்பதென்றால் தீ விபத்தின்போது ஆட்கள் ஓட வழி இருக்க வேண்டும், நிர்வாகக் குழுவிடமும் முன்பே கேட்டுவிடுங்கள்.

தரை வீட்டுக்காரர்களுக்கு நத்தைத் தொல்லை கூடுதல். இரவில் டார்ச் அடித்துப் பொறுக்குவதுதான் நிச்சயமான வழி. வெறுங்கையால் தொட வேண்டாம், அவை ஒட்டுண்ணிகளைச் சுமக்கக்கூடும். கீரையையும் நன்றாகக் கழுவிச் சமைத்துச் சாப்பிடுங்கள்.

பிப்ரவரியில் வெயில் ஏறியதும் வேலை தலைகீழாகும். தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும், கூரையை எடுத்துவிடலாம். அப்போது வெண்டிச் செடியில் இரண்டு காய்களைப் பறிக்காமல் முற்றிக் காயவிடுங்கள். எஃப்1 கலப்பின விதையாக இல்லாவிட்டால், அதை உலர்த்திக் காகித உறையில் போட்டு வைத்தால் அடுத்த நவம்பருக்கு விதை வாங்கத் தேவையில்லை.