82 கோடி டாலருக்கு வாங்கிய சேனல்... கையை விட்டுப் போன என்.பி.சி! - சான் பிரான்சிஸ்கோ ‘க்ரான் 4’ கதை

2001 டிசம்பர் 31 வரை சான் பிரான்சிஸ்கோவில் ‘ஃப்ரெண்ட்ஸ்’ பார்க்க வேண்டும் என்றால், 4-ம் நம்பர் சேனலைப் போட வேண்டும். மறுநாள் புத்தாண்டு. அன்று முதல் ‘ஃப்ரெண்ட்ஸ்’, ‘இ.ஆர்’ எல்லாமே 11-ம் நம்பருக்குப் போய்விட்டன. 52 வருடங்களாக ஒரே முகவரியில் இருந்த என்.பி.சி, வீடு மாறிவிட்டது!

ஒரு சேனலை விட்டு அதன் நிகழ்ச்சிகள் மட்டும் எப்படிக் கிளம்பிப் போகும்? அதற்கு அமெரிக்க டி.வி எப்படி இயங்குகிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நெட்வொர்க் வேறு, நிலையம் வேறு

நம் ஊரில் ஒரு சேனல் என்றால், கன்னியாகுமரியிலும் சென்னையிலும் அதே சேனல்தான். அமெரிக்காவில் அப்படி இல்லை. என்.பி.சி, சி.பி.எஸ், ஏ.பி.சி ஆகியவை நெட்வொர்க்குகள். சீரியல், தேசியச் செய்தி, விளையாட்டு எல்லாம் அவர்களுடையவை. ஆனால், அவற்றை வீட்டு ஆன்டெனாவுக்குக் கொண்டுவருவது அந்தந்த ஊர் நிலையம். சில பெருநகரங்களில் நெட்வொர்க்கே நிலையத்தைச் சொந்தமாக வைத்திருக்கும். மற்ற ஊர்களில் நிலையத்தின் முதலாளி வேறு ஒருவர்.

ஊர் தியேட்டரையும் பட விநியோகஸ்தரையும் நினைத்துக்கொள்ளுங்கள். கட்டடம் தியேட்டர்காரருடையது. கூட்டம் வருவதோ படத்துக்காக. ஒரே வித்தியாசம், இங்கே ஒப்பந்தம் பல வருடங்களுக்கு. தன் நிகழ்ச்சிகளை ஒளிபரப்புவதற்காக நெட்வொர்க்தான் நிலையத்துக்குப் பணம் கொடுத்துவந்தது. நிலையத்தின் சொந்தச் சரக்கு என்று பார்த்தால், பெரும்பாலும் உள்ளூர்ச் செய்திதான்.

பத்திரிகை வீட்டுப் பிள்ளை

கே.ஆர்.ஓ.என், சுருக்கமாக ‘க்ரான்’, 1949 நவம்பர் 15-ல் ஒளிபரப்பைத் தொடங்கியது. ‘சான் பிரான்சிஸ்கோ க்ரானிக்கிள்’ நாளிதழை நடத்திய டி யங் குடும்பத்தின் நிலையம் இது. பெயரைப் பாருங்கள், ‘க்ரானிக்கிள்’ என்பதற்குள்ளேயே ‘க்ரான்’ இருக்கிறது! முதல் நாளிலிருந்தே என்.பி.சி-யுடன்தான் ஒப்பந்தம்.

அரை நூற்றாண்டு கழித்து, 1999-ல் அந்தக் குடும்பம் எல்லாவற்றையும் விற்க முடிவு செய்தது. 1865-ல் தொடங்கிய நாளிதழை ஹர்ஸ்ட் நிறுவனம் 66 கோடி டாலருக்கு வாங்கியது. டி.வி நிலையத்துக்குப் போட்டி இன்னும் கடுமை. என்.பி.சி-யே அதை வாங்க ஆசைப்பட்டது. ஆனால், யங் பிராட்காஸ்டிங் என்ற நிறுவனம் பணமும் பங்குகளுமாகச் சுமார் 82 கோடி டாலர் தருவதாகச் சொல்லி முந்திக்கொண்டது. தனி ஒரு நிலையத்துக்கு அதுவரை யாரும் கொடுக்காத விலை! (பெயர் ஒற்றுமையைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். விற்ற டி யங் குடும்பமும் வாங்கிய யங் நிறுவனமும் வேறு வேறு.)

அது டாட்காம் காலம். சிலிக்கான் பள்ளத்தாக்கு நிறுவனங்கள் விளம்பரத்துக்குப் பணத்தை வாரி இறைத்துக்கொண்டிருந்தன. அந்த வரவு நிற்காது என்று நம்பித்தான் இவ்வளவு பெரிய விலை.

என்.பி.சி வைத்த செக்

ஏலத்தில் தோற்ற என்.பி.சி சும்மா இருக்கவில்லை. ஒப்பந்தம் 2001 கடைசியில் முடிகிறது. நீட்டிக்க வேண்டுமா? இனி நாங்கள் பணம் தர மாட்டோம், நீங்கள்தான் எங்களுக்குத் தர வேண்டும். எங்கள் பெயரையும் லோகோவையும் சேனலின் அடையாளமாக்க வேண்டும். எங்கள் நிகழ்ச்சிகளை இஷ்டத்துக்கு நிறுத்தக் கூடாது. இப்படி நிபந்தனைகள் நீண்டன. யங் மறுத்தது.

அப்போது உள்ளே நுழைந்தது சான் ஹோசே நகரின் கே.என்.டி.வி, 11-ம் நம்பர் சேனல். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து தெற்கே சுமார் 80 கிலோமீட்டர். நம் ஊர் ஐ.டி குடும்பங்கள் நிறைய வசிக்கும் பகுதி. அந்த நிலையமே அப்போது ஏ.பி.சி உறவை முடித்துக்கொள்ளும் நிலையில் இருந்தது. அதன் உரிமையாளரான கிரானைட் நிறுவனம், வருடத்துக்குச் சுமார் 3.7 கோடி டாலர் தருகிறோம் என்று என்.பி.சி-யிடம் சொன்னது. 2000 பிப்ரவரியில் ஒப்பந்தம் ஆனது. க்ரான் யங் நிறுவனத்தின் கைக்கு வந்ததோ அந்த ஜூனில்தான். அதாவது, சாவியை வாங்கும்போதே குடியிருப்பவர் காலி செய்யப்போவது தெரிந்துவிட்டது!

அப்புறம் என்.பி.சி ஒரு படி மேலே போனது. 2001 டிசம்பரில் கே.என்.டி.வி-யையே 23 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. க்ரானுக்கு யங் கொடுத்த விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

மிச்சம் இருந்தது செய்தி மட்டும்

நெட்வொர்க் போனது. டாட்காம் குமிழியும் வெடித்தது. விளம்பரம் சுருங்க, கடன் கழுத்தை நெரித்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் வைத்திருந்த கே.சி.ஏ.எல் நிலையத்தை 65 கோடி டாலருக்கு விற்றுக் கடனைக் குறைத்தது யங்.

க்ரானிடம் அப்போது இருந்தது செய்திப் பிரிவு ஒன்றுதான். அதனால் காலியான நேரத்தில் உள்ளூர்ச் செய்தியைக் கூட்டினார்கள். 2005-ல் செலவைக் குறைக்க இன்னொரு முயற்சி. நிருபரே கேமரா பிடித்து, நிருபரே எடிட் செய்யும் முறை. கையில் ஒரு மொபைலோடு கிளம்பும் எங்களைப் போன்ற டிஜிட்டல் நிருபர்களுக்கு இன்று இது சாதாரணம். அன்றைக்குப் பெருநகர டி.வி-யில் அது பெரிய விவாதமே ஆனது.

2006-ல் மைநெட்வொர்க் டி.வி என்ற புது நெட்வொர்க்கில் சேர்ந்தும் பழைய வருமானம் திரும்பவில்லை. 2009 பிப்ரவரியில் யங் நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. நிறுவனம் கடன் கொடுத்தவர்கள் வசமானது. 2014-ல் வான் நெஸ் அவென்யூவில் இருந்த சொந்தக் கட்டடத்தை விட்டு, போட்டி நிலையமான ஏ.பி.சி-யின் கே.ஜி.ஓ இருக்கும் கட்டடத்துக்கே இடம் மாறியது க்ரான்.

வட்டம் சுற்றி...

2017-ல் க்ரான், நெக்ஸ்டார் என்ற பெரிய நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2022-ல் அந்த நெக்ஸ்டார், ‘தி சி.டபிள்யூ’ நெட்வொர்க்கின் 75 சதவிகிதப் பங்கை வாங்கியது. 2023 செப்டம்பர் 1 முதல் க்ரான், சி.டபிள்யூ நிலையம். ஒருகாலத்தில் நெட்வொர்க் கழற்றிவிட்ட நிலையத்துக்கு, இன்று நெட்வொர்க்கும் நிலையமும் ஒரே முதலாளி!

82 கோடி டாலர் விலையில் பெரும்பகுதி கட்டடத்துக்கோ கேமராவுக்கோ கொடுத்தது அல்ல. வேறொருவருடைய நிகழ்ச்சிகளுக்காக வந்த கூட்டத்துக்குக் கொடுத்தது. நிகழ்ச்சி போனதும் கூட்டமும் பின்னாலேயே போனது. தெருவில் தீப்பிடித்தால், பாலத்தில் டிராஃபிக் நின்றால் சொல்லும் செய்திப் பிரிவு மட்டும் போகவில்லை. முதலாளிகளும் நெட்வொர்க்கும் கட்டடமும் மாறிய பிறகும், க்ரான் 4-ல் இன்றும் காலையில் பல மணி நேரம் ஓடுவது அந்த ஊர்ச் செய்திதான்.