திருப்பத்தில் கேட்கும் 'டக் டக்' சப்தம்

சிதம்பரத்தில் ஆனியிலோ மார்கழியிலோ தேர் பார்க்கப் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். நேர் வீதியில் உற்சாகமாக வரும் தேர், கீழ வீதியிலிருந்து தெற்கு வீதிக்குத் திரும்பும் மூலைக்கு வந்ததும் தயங்கி நின்றுவிடும். அதன் அச்சு திரும்பாத அச்சு. சக்கரத்தடியில் முட்டுக்கட்டை கொடுத்து, அங்குலம் அங்குலமாகத்தான் அதைத் திருப்ப வேண்டும்.

மோட்டார் காருக்கும் சங்கடம் திருப்பத்தில்தான். ரயில் பாதைக்குக் கிழக்கே அண்ணாமலை நகரில் குடியிருப்பவர்கள் எதற்கும் ஊருக்குள் வந்தாக வேண்டும். வந்தால் நாலு வீதி, நாலு மூலை. ஒரு மழைக்காலம் முடிந்த கையோடு, மூலைக்கு மூலை என் பழைய காரின் முன்பக்கம் 'டக் டக்' என்று தட்ட ஆரம்பித்தது. நேராகப் போனால் மூச்சுப் பேச்சில்லை. முதலில் காட்டிய பட்டறையில், வண்டியை மேடு பள்ளத்தில் ஒரு நடை ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஷாக் அப்சார்பர் போச்சு, சார்" என்றார்கள். இரண்டையும் மாற்றிப் பணமும் கொடுத்தாயிற்று. சப்தம் மட்டும் போகவில்லை.

இந்தச் சப்தம் நம் ஊருக்குச் சற்றுப் புதிது. அம்பாஸடர் காரில் எஞ்சினின் விசை பின் சக்கரங்களுக்குப் போகும். முன் சக்கரங்களுக்குத் திரும்புவது ஒன்றே வேலை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபிறகுதான், முன் சக்கரமே இழுத்துக்கொண்டு, முன் சக்கரமே திரும்பவும் செய்யும் ஏற்பாடு இங்கே பரவியது. இங்கிலாந்தில் 1959-ல் வெளிவந்த மினி காரிலேயே இந்த ஏற்பாடு உண்டு. சுழன்றுகொண்டே வளைய வேண்டுமானால் மூட்டு வேண்டும் அல்லவா? அதைத்தான் பட்டறைகளில் 'சி.வி. ஜாயிண்ட்' என்கிறார்கள். கிண்ணம் போன்ற இரும்புக்குள் பள்ளம் வெட்டிய ஒரு உருண்டை. இரண்டுக்கும் நடுவே பெரும்பாலும் ஆறு எஃகுக் குண்டுகள். சக்கரம் எவ்வளவு திரும்பினாலும் குண்டுகள் தங்கள் பள்ளத்தில் முன்னும் பின்னும் ஓடி, விசையை ஒரே சீராகக் கடத்தும்.

இத்தனைக்கும் காவல் ஒரு ரப்பர் உறை. 'பூட்' என்று சொல்லும் இந்த மடிப்பு உறை கிழிந்தால், சுழலும் வேகத்தில் உள்ளே உள்ள கிரீஸ் வெளியே தெறித்துவிடும். சேறும் தண்ணீரும் உள்ளே போகும். கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் நடுவே வாழும் நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் சேற்றுக்கா பஞ்சம்? 2015-ல் கடலூர் மாவட்டம் பட்ட வெள்ளத்தை யார் மறப்பார்கள்! மணல் கலந்த மூட்டில் குண்டுகள் ஓடி ஓடிப் பள்ளத்தில் குழி விழும். வண்டி திரும்பும்போது குண்டு அந்தக் குழியில் விழுந்து எழும் சப்தம்தான் நாம் கேட்பது.

இரண்டாவது பட்டறையில் இருந்த பெரியவர் வண்டிக்கு அடியில் படுக்கக்கூட இல்லை. முதலில் சக்கர நட்டுகளை இறுக்கிப் பார்த்தார். டிக்கியைத் திறந்து ஜாக்கியும் ஸ்டெப்னியும் ஆடுகின்றனவா என்று பார்த்தார். (இந்த இரண்டினால் மட்டும் எத்தனை பேர் வீண் செலவு செய்திருக்கிறார்களோ!) பிறகு ஆள் நடமாட்டமில்லாத ஒரு மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, மெதுவாக வட்டமிடச் சொன்னார். இடப்பக்கம் சுற்றியபோது சப்தமில்லை. வலப்பக்கம் சுற்றியபோது 'டக் டக் டக்'. வேகம் கூடக் கூடத் தட்டலும் கூடியது. "இடது சக்கரத்து மூட்டு" என்றார். வலப்பக்கம் திரும்பும்போது பாரம் வெளிச் சக்கரமான இடதின் மேல் சாய்வதால், பெரும்பாலும் கணக்கு அப்படித்தான் வரும். குனிந்து பார்த்தால் சக்கரத்தின் உட்புறம் முழுக்கக் கறுப்புக் கிரீஸ் தெறித்திருந்தது. அதை நானே பார்த்திருக்கலாம்.

உறை கிழிந்தும் சப்தம் வராத நிலையில் பிடித்துவிட்டால் செலவு கொஞ்சம்: மூட்டைக் கழற்றிக் கழுவி, மாலிப்டினம் கலந்த கிரீஸ் வைத்துப் புது உறை போட்டால் போதும். தட்ட ஆரம்பித்துவிட்டால் கிரீஸால் பயனில்லை. குழி விழுந்தது விழுந்ததுதான். மூட்டையே மாற்ற வேண்டும்.

எல்லாத் தட்டலும் இதுவல்ல. நின்ற வண்டியில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது 'டொங்' என்று ஒரே ஒரு தரம் கேட்டால், ஸ்பிரிங்கின் மேல்முனையிலுள்ள பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். பானெட்டைத் திறந்து அங்கே விரல் வைத்தால் உதறல் தெரியும்.

அபாயமானது வேறொன்று. வண்டியை ஜாக்கியில் தூக்கி, கீழே ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தை இரு கைகளால் பிடித்து அசைத்துப் பாருங்கள். இடமும் வலமும் ஆடினால் டை ராட் முனை தேய்ந்திருக்கலாம். மேலும் கீழும் ஆடினால் பேரிங்கோ, கீழ்க்கையில் உள்ள பால் ஜாயிண்டோ போயிருக்கலாம். பால் ஜாயிண்ட் கழன்றால் ஓடும்போதே சக்கரம் மடிந்து வண்டி சாய்ந்துவிடும். "கடலூர் வரை போய்விட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சே கூடாது. பட்டறை ஆளை வீட்டுக்கு வரவழைப்பதே சரி.

டை ராட் முனையை மாற்றினால் வீல் அலைன்மென்டும் பார்த்தாக வேண்டும். இல்லையேல் புது டயர் ஒருபக்கமாகத் தேய்ந்துபோகும். எந்தப் பாகத்தை மாற்றினாலும், பணத்தைக் கொடுப்பதற்குமுன் அதே மைதானத்தில் இடம் ஒரு வட்டம், வலம் ஒரு வட்டம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். என் காரில் அந்தப் பெரியவர் தாமாகவே அப்படி ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் கூலியைக் கேட்டார்.